பொம்முவும் பொம்மனும்: ஒரு பாட வேறுபாடும் ஒரு பழங்கணினியும்

பாஞ்சாலங்குறிச்சி வரலாற்றைப் பாடும் கதைப்பாடல்களில் தலைவன் பெயர் கட்டபொம்மு என்றும் கட்டபொம்மன் என்றும் இருவகையாக வழங்கக் காண்கிறோம். நா. வானமாமலை அவர்கள் பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்ட நூல் 'வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல்' என்றே பெயர் பெற்றது. 1959இல் பி. ஆர். பந்துலு அவர்களின் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படமோ 'கட்டபொம்மன்' என்ற வடிவத்தைத் தமிழகம் எங்கும் நாட்டியது. இவ்விரு வடிவங்களுள் எது எவ்வூர்ப் பாடகரிடம், எக்காலத்தில் வழங்கிற்று என்பது சிறு வினாவே ஆயினும், வாய்மொழி மரபின்மீது அச்சும் திரையும் செலுத்திய ஆட்சியை அளந்தறிவதற்கு அதனினும் எளிய அளவுகோல் பிறிதொன்று இல்லை.

சில ஆண்டுகட்கு முன் யாம் எழுதிய கட்டுரையொன்றில், ஒட்டப்பிடாரம் வட்டாரத்துப் பாடகரிடையே 'பொம்மு' என்ற வடிவம் அறவே வழக்கிழந்தது என்றும், திரைப்படத்தின் செல்வாக்கே அதற்குக் காரணம் என்றும் முடிபு கூறினோம். அம்முடிபு பிழையானது. அப்பிழை பாடகர் வாயிலோ படியெடுத்தவர் கையிலோ நேர்ந்ததன்று. கணினிக் கோப்பொன்று ஒரு குறியேற்றத்தினின்று மற்றொன்றுக்கு மாற்றப்பட்ட வழியில் நேர்ந்தது. அது நேர்ந்தவாற்றையும், அதனைக் கண்டறியப் பழங்கணினியொன்றோடு யாம் பட்ட பாட்டினையும் ஈண்டுக் கூறுவோம். ஓலைச்சுவடியில் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியன் குறித்துக் காட்டுவது போன்றதே இதுவும்.

கட்டபொம்மு கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16ஆம் நாள். அதன் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி எம் பேராசிரியர் ஒருவர் கரிசற்காட்டு ஊர்களில் நடந்து, முதிய பாடகர் சிலர் பாடியவற்றை ஒலிநாடாவில் பதிந்தார். பின்னர்ப் பள்ளிக் குறிப்பேடுகளில் தம் கையால் படியெடுத்தார். அப்படிகளைக் கோவில்பட்டியில் இருந்த தட்டச்சுக் கடையொன்றில் கணினியில் ஏற்றுவித்தார். பாடகர் எவரும் இன்று இலர். ஒலிநாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பயனற்றுப் போயின. குறிப்பேடுகளைக் கரையான் தின்றது. எஞ்சியவை கணினிக் கோப்புகளே. ஒரு நூலுக்கு ஒரே சுவடி கிடைத்தவிடத்துப் பதிப்பாசிரியனுக்கு என்ன இடர்ப்பாடு உண்டோ, அதே இடர்ப்பாடு எமக்கும் நேர்ந்தது.

அக்கோப்புகள் எத்தகையன என்பதை உணர, அக்காலத்துத் தமிழ்க் கணினி நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் தந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா. முத்தையா அவர்கள். அப்பொறியின் விசைகளில் பயின்ற விரல்களே பின்னர்க் கணினிக்கும் வந்தன. கணினியில் தமிழை முதன்முதல் காட்ட முயன்றோர் வெவ்வேறு வழிகளை நாடினர். மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் 1985இல் முரசு என்ற மென்பொருளைத் தோற்றுவித்தார். இந்தியாவில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வினின்று கிளைத்துப் பின்னர்ச் சி-டாக் நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட ஜிஸ்ட் என்பது ஒரு தனி மின்னட்டை. அதனைக் கணினியின் உட்பலகையிற் செருகினால்தான் திரையில் இந்திய எழுத்துகள் தோன்றும். அக்காலத்தில் தமிழ் என்பது கணினிக்கு ஒரு வன்பொருட் செய்தியாகவும் இருந்தது என்பதை இதனால் அறியலாம். அட்டை பொருந்தாத பொறியில் எழுத்தும் இல்லை.

விண்டோஸ் பரவிய பின்னர் அட்டையின் இடத்தை எழுத்துரு பிடித்தது. ஓர் எழுத்துருவில் 256 இடங்கள் உண்டு. முற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. பிற்பாதியில் தமிழ் வடிவங்களை விரும்பியவாறு அமைத்துக்கொள்ளலாம். இவ்விரும்பியவாறு என்பதிலேதான் எல்லாத் துன்பமும் தொடங்கிற்று. ஒரு நிறுவனம் 'க' வைத்த இடத்தில் மற்றொன்று 'ஞ' வைத்தது. சில எழுத்துருக்கள் ஆங்கில இடங்களையே எடுத்துக்கொண்டன. ஒருவர் அனுப்பிய கோப்பை மற்றொருவர் படிக்க அவருடைய எழுத்துருவையும் உடன் பெறவேண்டியதாயிற்று. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்கள் முன்னின்று கூட்டிய தமிழ்நெட் மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாடும் இக்குழப்பத்தைத் தீர்க்கவே கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு, தமிழ்மட்டும் எழுதுதற்கு டாம் என்றும், ஆங்கிலமும் உடன் எழுதுதற்கு டாப் என்றும் இரு குறியேற்றங்களையும், தமிழ்99 என்ற விசைப்பலகையையும் ஏற்றது. இணையத்தில் உலவிய அறிஞர்களோ டிஸ்கி என்ற பிறிதொரு குறியேற்றத்தைக் கைக்கொண்டனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இம்மாற்றங்கள் எல்லாவற்றையும் கடந்து வந்து, தான் ஏற்றிய நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டமை பாராட்டத்தக்கது. அங்கே மாற்றியவர் நூலறிந்தவர். எம்மிடத்தில் அவ்வாறு நிகழவில்லை.

ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடந்தந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆயினும் மைக்ரோசாப்ட் இயங்குதளங்களுள் 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000தான் தமிழ் ஒருங்குறியை முதன்முதல் ஏற்றது. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தட்டச்சுக் கடைகளிலும் அச்சகங்களிலும் ஏற்றப்பட்டவை எல்லாம் தத்தம் நிறுவன எழுத்துருக்களிலேயே ஏற்றப்பட்டன. எம் பேராசிரியரின் கோப்புகளும் அவ்வினத்தனவே. அவை விண்டோஸ் 98 இயங்கிய பொறியொன்றில், ஒரு தனியார் நிறுவனத்தின் எழுதி என்னும் மென்பொருளில், அந்நிறுவனத்துக்கே உரிய குறியேற்றத்தில் அமைந்தவை. டாமும் அன்று, டாபும் அன்று.

2000ஆம் ஆண்டை ஒட்டிய பத்தாண்டுக் காலத்தின் இறுதியில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை எமக்கு அறிமுகமான ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தோம். அவர் கோப்புகளைப் பொதுவான உரைக்கோப்புகளாக வெளியேற்றி, வேறொரு சொற்செயலியில் திறந்து, மாற்றியொன்றின் வழியாக ஒருங்குறியாக்கி, ஆங்காங்கு விடுபட்டவற்றை நிரப்பித் தந்தார். யாம் அதனையே மூலமாகக் கொண்டு மேற்கூறிய கட்டுரையை எழுதினோம். மூலத்தைப் பார்த்தல் வேண்டும் என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் கூறிவரும் யாம், கணினிக் கோப்புக்கும் மூலம் என ஒன்று உண்டு என்பதை அன்று எண்ணவில்லை.

ஐயம் ஒரு மாணவியால் எழுந்தது. ஈரடிகளின் ஈற்றியைபு பாடல் முழுவதும் பெரும்பாலும் செவ்வனே அமைந்திருக்க, தலைவன் பெயர் ஈற்றில் வரும் இடங்களில் மட்டும் அது கெடுவது ஏன் என்று அவர் வினவினார். 'மன்' என்பதை 'மு' என்று வைத்துப் படித்தால் இயைபு நேராயிற்று. பாடகர் பொம்மு என்றே பாடியிருத்தல் கூடுமோ என்ற எண்ணம் எமக்கு அப்போதுதான் தோன்றியது. தீர்க்கும் வழி ஒன்றே: பழைய கோப்பைப் பழைய வடிவிலேயே காணுதல்.

தட்டச்சுக் கடை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. கடை உரிமையாளர் பொறியை விற்கவில்லை. பருத்திச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றி வைத்திருந்தார். அதனுடன் மென்பொருளின் நெகிழ்வட்டுகளும், டாங்கிள் என வழங்கும் சிறு பூட்டுக்கருவியும் கிடைத்தமை எம் நற்பேறு. கோப்புகளின் படியொன்று முன்னரே எம்மிடம் வந்துவிட்டமையால், அப்பொறியைத் தொடாமல் எம் புதிய கணினியிலேயே மென்பொருளை நிறுவ முதலில் முயன்றோம்.

நெகிழ்வட்டை ஏற்கும் வாயில் புதிய கணினியில் இல்லை. யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் நெகிழ்வட்டு இயக்கி ஒன்றை மதுரையிலிருந்து வருவித்தோம். நிறுவும் நிரலைத் தொடங்கியவுடன், இந்நிரல் இக்கணினியில் இயங்காது என்ற ஒற்றை அறிவிப்போடு பணி முடிந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. அக்கால மென்பொருள்கள் பலவற்றின் நிறுவும் நிரல் 16 பிட் அமைப்பினது. 64 பிட் விண்டோஸ் அவ்வமைப்பை ஏற்பதில்லை. உள்ளிருக்கும் மென்பொருள் ஒருகால் இயங்கக்கூடியதாயினும், வாயிற்காவலனைக் கடக்க இயலாமையால் அதனிடம் செல்ல முடியாது.

இரண்டாவதாக, கணினித்துறை நண்பர் ஒருவரின் துணையால் புதிய கணினிக்குள் மெய்ந்நிகர் கணினி ஒன்றை அமைத்து அதில் விண்டோஸ் 98ஐ நிறுவினோம். மென்பொருளும் நிறுவப்பட்டது. எம் மகிழ்ச்சி ஒரு நாழிகையும் நிற்கவில்லை. எழுதியைத் திறந்தால் பூட்டுக்கருவி காணப்படவில்லை என்றது. அக்கருவி பழைய அச்சுப்பொறி வாயிலிற் செருகப்பட வேண்டியது. புதிய கணினியில் அவ்வாயிலே இல்லை. யு.எஸ்.பி. மாற்றுவடம் ஒன்றை வாங்கிப் பார்த்தோம். அஃது அச்சுப்பொறிக்கு மட்டுமே உதவும் என்பதைப் பணம் கொடுத்துக் கற்றோம். நிறுவனத்தை நாடலாம் எனின், நாடுதற்கு நிறுவனம் இல்லை.

ஆகவே பரணிலிருந்த பொறியையே எழுப்புவது என்று துணிந்தோம். கரிசல் மண்ணின் துகள் மிக நுண்ணியது. விசிறியின் இடுக்கெல்லாம் கரிய மாவாகப் படிந்து இறுகியிருந்தது. ஓவியர் தூரிகை கொண்டு ஒரு பகல் முழுவதும் துடைத்தோம். மின்வழங்கியை மாற்றினோம். பொறி உயிர்த்தது, ஆனால் நாள் 1980 சனவரி 1 என்று காட்டியது. உட்பலகையின் சிறு மின்கலம் வற்றினால் கணினி தன் நினைவில் வைத்த அமைப்புகளை எல்லாம் மறந்து, தனக்குத் தெரிந்த முதல் நாளுக்குத் திரும்பிவிடும் என்றார் நண்பர். நகைப்புக்கு இடமாகத் தோன்றிய இச்செய்தியே எம்மை மேலும் இரு வாரம் அலைக்கழித்தது. மின்கலத்தை மாற்றி நாளைத் திருத்திய பின்னும், பூட்டுக்கருவி அதற்குரிய வாயிலிலேயே செருகப்பட்டிருந்தும், காணப்படவில்லை என்ற பழைய விடையே வந்தது. கருவியே கெட்டது என்று முடிவுசெய்து பொறியை மீண்டும் சாக்கில் கட்டவும் முற்பட்டோம். உண்மை யாதெனின், மின்கலம் வற்றியபோது நாளோடு சேர்ந்து அச்சுப்பொறி வாயிலின் இயங்குமுறையும் மாறிவிட்டது. அக்கருவி வாயிலின் பழைய எளிய முறையையே அறியும். பொறியோ பின்வந்த விரைவு முறைக்குத் திரும்பியிருந்தது. பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்பிற்குள் சென்று ஒரு சொல்லை மாற்றியதும் எழுதி திறந்தது.

திரையில் தோன்றிய முதற்பக்கத்திலேயே விடை இருந்தது. எம் பேராசிரியர் படியெடுத்தவற்றுள், மூத்த பாடகர் பாடிய பகுதிகளில் தலைவன் பெயர் எங்கும் கட்டபொம்மு என்றே நின்றது. இளையவர் ஒருவர் பாடிய பகுதியில் மட்டும் பொம்முவும் பொம்மனும் கலந்து வந்தன. யாம் வழக்கிழந்தது என்று எழுதிய வடிவமே வழக்கில் தலைமை பெற்றிருந்தது. கைப்பேசியால் திரையைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டோம். வெட்கத்திற்குரிய வழிதான், ஆயினும் அந்நேரத்தில் எமக்கு நம்பிக்கையான வழி அதுவே.

இனி, மாற்றம் நேர்ந்த வழியை ஆராய்வோம். கோப்புகளைப் பழம்பொறியினின்று வெளிக்கொணர்தலே தனிப்பெரும் பாடாயிற்று. யு.எஸ்.பி. நினைவகத்தைச் செருகினால் விண்டோஸ் 98 அதற்குரிய இயக்கநிரலைக் கேட்கிறது. அந்நிரலோ அந்நினைவகத்தில்தான் உள்ளது. பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதை இதுவே. இறுதியில் வன்தட்டைக் கழற்றி, மாற்றியொன்றின் வழியாகப் புதிய கணினியோடு இணைத்தோம். கோப்புகளும் அவற்றோடு நிறுவனத்தின் எழுத்துருவும் முழுமையாக வந்தன. எழுத்துருவைப் புதிய கணினி எவ்வகைத் தடையுமின்றி ஏற்றுக்கொண்டமை எம்மை வியப்பில் ஆழ்த்தியது. எழுத்துருவை மட்டும் முதலிலேயே எடுத்து, கோப்பின் எண்களை நேரே படித்திருந்தால் மென்பொருளை நிறுவும் முயற்சியே வேண்டியிருந்திராது. மூன்று திங்கள் நிறுவுதலிற் கழிந்தன. வேண்டியிருந்ததோ நிறுவாமற் படித்தல். வன்தட்டு இணைந்தவுடன் பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரைத் தட்டிக் கணினியைத் தேடச் சொன்னோம், ஓரிடத்தும் அகப்படவில்லை. 1801 மே 24இல் கோட்டை வீழ்ந்தபின் அதனை இடித்து உழுது, ஊர்ப்பெயரை நிலப்படங்களினின்றும் நீக்குமாறு கும்பினியார் ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் கூறுவர். ஈண்டு எவரும் ஆணையிடவில்லை. பழைய எண்களைப் புதிய தேடல் தமிழென்று அறியவில்லை, அவ்வளவே.

எண்களைப் படித்தபோது புலனானது இது. அந்நிறுவன எழுத்துருவில் 'மு' என்பது 160ஆம் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. பொதுவான குறியேற்ற மரபில் 160 என்பது முறியா இடைவெளிக்கு உரியது. நிறுவனத்தின் எழுதி அம்மரபைப் பொருட்படுத்தாது அவ்விடத்து வடிவத்தைக் காட்டிற்று. பிற சொற்செயலிகள் அதனை வெற்றிடம் என்றே கொண்டன. 173ஆம் இடமும் இவ்வாறே. அது மென்பிணைக்குறிக்கு உரியதாகலின் அங்கு வைத்த எழுத்து மறையும். டிஸ்கியை வகுத்தோரும் இவ்விடரைச் சந்தித்தனர். எனவே எம் கோப்பு வேறு சொற்செயலியில் திறக்கப்பட்ட அந்நொடியே 'மு' அனைத்தும் வெற்றிடம் ஆயின. 'முன்னே', 'முகம்', 'முத்து' முதலிய சொற்களில் முதலெழுத்து விடுபட்டமை வெளிப்படை. அவற்றை அவ்விளைஞர் சரியாகவே நிரப்பினார். தலைவன் பெயரோ 'கட்டபொம்' என்று நின்றது. அவர் அறிந்த பெயர் கட்டபொம்மன். ஒரே கட்டளையால் எல்லா இடத்தும் 'மன்' சேர்த்தார். அவரைக் குறைகூறுதற்கில்லை, சிதைந்த ஏட்டில் தாம் அறிந்த பாடத்தை நிரப்பிய பழைய எழுத்தாளர் எத்துணையர்! சுவடியில் அங்ஙனம் நிரப்பப்பட்டதை மையும் எழுத்தும் காட்டிக்கொடுக்கும். ஒருங்குறிக் கோப்பில் நிரப்பிய எழுத்துக்கும் மூல எழுத்துக்கும் தோற்ற வேறுபாடு சிறிதும் இல்லை. இளைய பாடகரின் உண்மையான 'மன்' எது, நிரப்பிய 'மன்' எது என்பதை மாற்றிய படியை மட்டும் கொண்டு எவரும் பிரித்தறிதல் இயலாது.

திரைப்படத்தின் செல்வாக்கைப் பற்றிய எம் கருத்து இதனால் முற்றும் வீழ்ந்தது என்று கூறவில்லை. இளையவர் வாயில் பொம்மன் கலந்தமை திரையாலும் ம. பொ. சிவஞானம் அவர்கள் நூலாலும் ஆகியிருத்தல் கூடும். ஆனால் அச்செல்வாக்கு யாம் எண்ணியவாறு பழமையை அடியோடு பெயர்த்துவிடவில்லை. 1999 வரையிலும் முதியோர் தம் வடிவத்தை விடாது வைத்திருந்தனர். கதைப்பாடலின் சொல்லாட்சி பற்றி அம்மாற்றுப் படியை அடியாகக் கொண்டு யாம் கூறிய பிறவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டு வருகிறோம். ஒப்பீடு முடியுங்காறும் அவற்றை எவரும் மேற்கோளாகக் கொள்ளாதிருக்க வேண்டுகிறோம்.

இன்னொன்றும் கூறற்குரியது. அக்கோப்புகளுள் ஒன்றில், பேராசிரியர் ஒரு வீட்டில் கண்டு படியெடுத்த பழைய கணக்கோலையின் பகுதி உள்ளது. அதில் மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் வரவேண்டிய இடங்கள் வெற்றிடமாக விடப்பட்டுள்ளன. இக்குறிகள் அந்நாளைய எழுத்துருவில் இல்லை; அச்செடுத்தபின் கையால் எழுதிக்கொள்வதற்காக இடம் விட்டனர் போலும். பின்னக் குறிகள் உள்ளிட்ட 51 குறிகளை ஒருங்குறி 2019இல்தான் ஏற்றது. எண்களைப் பார்த்தால் இவ்வெற்றிடங்கள் 32 என்ற உண்மையான இடைவெளிகளாகவே உள்ளன, 160 அல்ல. எனவே இங்கு மறைந்த எழுத்து எதுவும் இல்லை. மீட்பதற்கும் ஒன்றும் இல்லை. மையால் நிரப்பிய அச்சுப்படி குறிப்பேடுகளோடு போயிற்று. ஓலைக்கு உரிய வீட்டாரைத் தேடி ஒட்டப்பிடாரத்துக்கு இருமுறை சென்றோம். ஓலை அவ்வீட்டில் இப்போது இல்லை.